லயத்துக்கு அடியில் ஊற்றிய சாம்பல்

1. கோழிக்கூடு இருந்த இடம்

கோழிக்கூடுதான் முதலில் போனது. 2003 மே மாத வெள்ளம் வடிந்து, தேயிலை பக்டரி மாடியில் தங்கியிருந்த சனங்கள் அப்போதுதான் லயத்துக்குத் திரும்பியிருந்தார்கள். காலையில் கோழிகளைத் திறந்துவிடப் போன என் அக்கா பார்வதி, கூடு இருந்த இடத்தில் ஒரு ஓட்டையைக் கண்டாள். ஓர் ஆள் நின்றபடி இறங்கக்கூடிய அகலம். கோழிகள் உயிரோடுதான் இருந்தன. அவற்றின் சத்தம் கீழேயிருந்து வந்தது.

எங்கள் டிவிஷனில், அதாவது தோட்டப் பிரிவில், பலர் இது 2004 இல் நடந்தது என்பார்கள். சுனாமியோடு சேர்த்து நினைவில் வைத்திருப்பதால் வரும் பிழை. நடந்தது அதற்கு முந்திய ஆண்டு. நான் இதில் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தோட்டத்தில் நடந்தவற்றுக்குத் தேதி இல்லாமல் போனால், அவை நடக்கவே இல்லை என்று சொல்வது மற்றவர்களுக்கு எளிதாகிவிடுகிறது.

எங்கள் தேயிலைத் தோட்டம் சப்ரகமுவ மலைகளில், நிவித்திகலப் பக்கம். லயம் என்பது ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக அறைகள்; ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பிரா. கடைசிக் காம்பிராவில் அக்கா குடியிருந்தாள். நான் பிறந்ததும் அதில்தான். அப்போது நான் குருவிட்டப் பக்கம் ஒரு வீதி வேலைக் கம்பனியின் கல் உடைக்கும் யார்டில் லெப் அசிஸ்டன்டாக இருந்தேன். 1994 இல் சேர்ந்த வேலை. மணல், மெட்டல் எனும் கருங்கல் சல்லி, கொங்கிரீட் எல்லாவற்றையும் சோதிப்பது என் பொறுப்பு. செய்தி கேட்டு அன்று மாலையே போனேன்.

ஓட்டையின் காரணத்தை யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. லயத்துக்குக் கீழே ஓடைக்கரை மூங்கில் புதருக்குள் அனுமதியில்லாத மாணிக்கக் குழி ஒன்று இருந்தது. குழியின் அடியிலிருந்து மாணிக்கச் சரளையைத் தேடிப் பக்கவாட்டில் சுரங்கம் தோண்டி, எங்கள் லயத்துக்கு அடிவரை வந்திருந்தார்கள். வெள்ளத் தண்ணீர் சுரங்கத்துக்குள் புகுந்து, திரும்பி வடியும்போது கூரை மண்ணையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

சுரங்கத்தின் போக்கு ஒருவருக்குத் தெரியும். நடுக் காம்பிரா கருப்பையா அண்ணன். பகலில் தோட்டத்தில் பேர் போட்டு நாள் வேலை செய்துவிட்டு, அது முடிந்ததும் அந்தக் குழிக்கு இறங்கியவர். ஒரு குச்சியால் மண்ணில் கோடு கிழித்துக் காட்டினார். லயத்தின் முதல் முனையில் இருந்த கோழிக்கூட்டுக்கு அடியிலிருந்து லயத்தின் நீளத்துக்கு நேராகப் போய், அவருடைய காம்பிராவுக்குக் கீழே வளைந்து, அக்காவின் காம்பிராவுக்கு அடியில் முட்டி நிற்கிறது.

"சொந்த லயத்துக்கு அடியிலயே வெட்டினியா அண்ணே? ஒனக்கு வெக்கமா இல்ல?" என்று அக்கா கேட்டாள்.

"உள்ள இருக்கிறவனுக்கு மேல என்னா இருக்குன்னு தெரியுமா பார்வதி? வளைஞ்சு வந்தப்பறந்தான் சந்தேகம் வந்திச்சு."

"வந்த உடனே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா என்னைய உள்ளயே வச்சு மூடியிருப்பானுக."

"மூடியிருந்தா இந்த ஓட்டை வந்திருக்காது" என்றாள் அக்கா. கருப்பையா அண்ணனே சிரித்துவிட்டார்.

அடுத்த வாரம் தோட்ட மேலாளரான தொரை வந்து பார்த்தார். லயம் குடியிருக்க ஏற்றதல்ல, ஒக்டோபர் மழைக்கு முன்னால் எல்லோரும் காலி செய்ய வேண்டும், குடும்பங்களுக்கு வேறு வேறு டிவிஷன்களில் இடம் தருவோம் என்றார். எல்லோரையும் ஒரே இடத்தில் வைக்க முடியாதா என்று கேட்டதற்கு முடியாது என்றார். ஓட்டையை மூட முடியாதா என்று கேட்டதற்கு, "கொங்கிரீட் போட்டு நெரப்பினா, இந்த லயத்த இடிச்சுப் புதுசாக் கட்டுற செலவு வரும்" என்றார்.

போகும்போது அவர் ஓடைப் பக்கம் போய் மூங்கில் புதரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அதைக் கவனிக்காதவர் லயத்தில் யாருமில்லை. காலியான லயத்துக்கு அடியில் யார் தோண்டினாலும் கேட்க ஆளில்லை. பகலிலேயே தோண்டலாம்.

2. தூசி மலை

எங்கள் யார்டில் ஒரு மலை இருந்தது. கருங்கல்லை உடைத்து மெட்டலாகச் சலித்தெடுத்த பிறகு மிஞ்சும் தூசி. அதை வாங்க ஆளில்லை. மழைக்குக் கரைந்து பக்கத்து வயலுக்குள் இறங்கும். வயல்காரர்கள் வந்து சண்டை பிடிப்பார்கள். கம்பனியின் எஞ்ஜினியர் விமல் மாத்தயாவுக்கு, விமல் ஐயாவுக்கு, அந்த மலைதான் தலைவலி. 2001 முதல் அவரும் நானும் அந்தத் தூசியை ஏதாவது வேலைக்கு ஆக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

வழி ஒன்று கிடைத்தது. பாலங்களுக்குப் பக்கவாட்டில், குழாய் பதித்த வடிகால் கான்களில், ஆள் இறங்கி மண்ணை இடித்து இறுக்க முடியாத சந்துகள் இருக்கும். அங்கே தூசியோடு சாம்பலும் கொஞ்சம் சீமெந்தும் நிறையத் தண்ணீரும் சேர்த்து ஊற்றினால், அது தானாக ஓடி, தானாக மட்டமாகி, தானாக இறுகிக்கொள்ளும். லெப்பில் இதை ஃப்ளோவபிள் ஃபில் என்போம். யார்டு ஆட்கள் கூழ் என்றார்கள். அதைவிடப் பொருத்தமான பெயரை நான் எந்தப் புத்தகத்திலும் காணவில்லை.

சாம்பலுக்கும் பஞ்சமில்லை. தேயிலை பக்டரிகளின் அடுப்புச் சாம்பல், கொடகவெலப் பக்கத்து நெல் ஆலைகளின் உமிச் சாம்பல் இரண்டும் ஓடையோரம் கொட்டிக் கிடந்தன. சலித்துக் கரித்துண்டுகளை எடுத்துவிட வேண்டும். கரி தண்ணீரைக் குடித்துவிடும். சாம்பலின் வேலை இரண்டு. கூரும் கோணலுமாக இருக்கும் கல்தூசியை வழுக்கிக்கொண்டு ஓடச் செய்வது ஒன்று. சீமெந்தோடு சேர்ந்து மெதுவாக இறுகுவது மற்றது. ரோமர்கள் எரிமலைச் சாம்பல் கலந்து கட்டியதையும், நம்மவர்கள் சுண்ணாம்போடு செங்கல் தூள் இடித்துச் சேர்த்ததையும் பொது நூலகத்தில் படித்திருந்தேன். ஆகவே கழிவு என்ற சொல்லுக்கு நான் பயப்படவில்லை.

இது வலுக் குறைந்த பொருள். வேண்டுமென்றே அப்படிச் செய்வது. நன்றாக இறுகிய மண் தாங்கும் பாரத்தைத் தாங்கினால் போதும். அதற்கு மேல் வலுவாக்கினால், பிறகொரு நாள் குழாய் உடைந்தால் தோண்ட முடியாது. மண்வெட்டிக்குப் பணிய வேண்டும், வெற்றிடம் விடக்கூடாது. இந்த இரண்டும்தான் அதன் இலக்கணம்.

விமல் மாத்தயா என்னை நங்கி என்றுதான் கூப்பிடுவார், சிங்களத்தில் தங்கச்சி. எங்கள் பக்கத்துச் சிங்களவர் பலரைப் போலத் தமிழும் பேசுவார். அவரிடம் போய்க் கேட்டேன்.

"சேர், ரோட்டுக்கு ஊத்துறத ஒரு லயத்துக்கு அடியில ஊத்த ஏலுமா?"

"யாரோட லயம்?"

"எங்க லயம்."

"சொந்த லயம்னா யோசிங்க நங்கி. வேல பிழையாப் போனா மொகத்த எங்க கொண்டுபோய் வைப்பீங்க?"

"அங்கதான் வைக்கணும். அதனாலதான் கேக்குறேன்."

அவர் ஒரு நாள் வந்து ஓட்டைக்குள் இறங்கிப் பார்த்தார். தூசியும் சாம்பலும் போக, தேவையான சீமெந்தையும் மிக்ஸரையும் சோதனை வேலை என்ற பெயரில் கம்பனியிலிருந்து வாங்கித் தந்தார். தொரையிடமும் அவரே பேசினார். தொரை மறுக்கவில்லை. ஓகஸ்ட் முடிவதற்குள் சுரங்கம் முழுக்க நிரம்பிவிட்டது என்று எஞ்ஜினியர் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் லயம் காலி. அதுதான் அவர் நிபந்தனை. இது நடக்காது என்று அவர் நினைத்தார் என்பது அவர் சம்மதித்த வேகத்திலேயே தெரிந்தது.

3. பிள்ளைக் காம்பிராவில் கூட்டம்

கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பிராவில் கூட்டம் போட்டோம். தொட்டில் துணிகளை ஒதுக்கிக் கட்டிவிட்டு எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். நான் ஒரு வாளியில் தூசியும் ஒரு வாளியில் சாம்பலும் கொண்டு போயிருந்தேன். கொண்டு போனது நல்லதாகப் போகவில்லை.

அக்கா சாம்பல் வாளிக்குள் கையை விட்டு அள்ளிப் பார்த்தாள்.

"இது என்னாது?"

"பக்டரி ஸ்டோரு அடுப்புச் சாம்பல்."

"தொரை பங்களாவுல ஒரு செவுரு வெடிச்சா சீமெந்து மூட்டை லொறியில வருது. நமக்கு அடுப்புச் சாம்பலா? ஏன் மகேசு, படிச்சிட்டு வந்து எங்களுக்குச் செய்யிற மரியாதை இதுதானா?"

பின்னாலிருந்து ஒரு பெண், "சாம்பலக் கரைக்கத்தான் செய்வாங்க. அதுக்கு மேல யாராச்சும் அடுப்பு வச்சு சோறாக்குவாங்களா?" என்றாள். கூட்டம் முழுவதும் முணுமுணுத்தது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லயத்துக்கென்று வந்த எதுவும் அதுவரை முதல் தரமாக வந்ததில்லை. தகரம் வேறொரு பக்டரியிலிருந்து கழற்றியது. கதவுப் பலகை தேயிலைப் பெட்டிப் பலகை.

"அந்த அடுப்புல எரிஞ்ச வெறகு யாரு வெட்டினது?" என்று கேட்டேன். "நம்ம ஆளுக வெட்டினது. தேயிலைய யாரு பறிச்சது? நீங்க பறிச்சது. தேயில போயிடுது. மிச்சம் இருக்கிற சாம்பலு மட்டும் ஓடையில கெடக்குது. அத எடுத்து நம்ம வீட்டுக்கு அடியில போடுறதுல என்னா மரியாதக் குறைச்சல்? சீமெந்து வர்ற வரைக்கும் காத்திருந்தா ஒக்டோபர் வந்திரும். வேணும்னா காத்திருங்க. ஆளுக்கொரு டிவிஷன்ல உக்காந்து காத்திருங்க."

பிறகு அக்கா, "வலு பத்துமா?" என்று கேட்டாள்.

"நல்ல மண்ணு எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தாங்கும்."

"கல்லு மாதிரி ஆகாதா?"

"ஆகாது. ஆகக்கூடாது."

"அப்பிடின்னா ஒரு விசயம்" என்றாள். "கலக்குற எடத்துல நாங்க நிப்போம். வாளி எங்க கையில இருக்கணும். கொந்தராத்துக்காரன் கையில குடுத்தா சீமெந்து எங்க போகும்னு எங்களுக்குத் தெரியும்."

விமல் மாத்தயா அதற்குச் சம்மதித்தார். லயத்து ஆட்களே வேலை செய்வதானால் ஒப்பந்தக்காரரின் கூலியாட்கள் தேவையில்லை என்பது அவருக்கும் வசதி. நானும் சம்மதித்தேன். அடுத்து நடந்தது தெரிந்திருந்தாலும் சம்மதித்திருப்பேன்.

4. தண்ணீருக்குக் கழிவு

ஓகஸ்டில் மழை சற்று விட்டது. குழியிலிருந்த தண்ணீரை இறைத்துவிட்டு, ஓடைப் பக்கத்துச் சுரங்க வாயை மணல் மூட்டைகளால் அடைத்தோம். அக்காவின் காம்பிராவுக்கு வெளியே, கான் ஓரத்தில், சுரங்கம் முட்டி நிற்கும் இடத்துக்கு நேரே துளை போட்டு ஒரு குழாயை இறக்கினோம். கோழிக்கூட்டு ஓட்டையில் ஊற்றும் கூழ் சுரங்கம் முழுவதும் ஓடி, கடைசியில் அந்தக் குழாய் வழியாக மேலே வர வேண்டும். வந்தால் உள்ளே வெற்றிடம் இல்லை என்று பொருள்.

ஒவ்வொரு கலவையையும் சோதிக்க ஒரு எளிய முறை வைத்திருந்தோம். இரு பக்கமும் திறந்த பிவிசி குழாய்த் துண்டு ஒன்றைத் தகரத்தின் மேல் நிறுத்தி, அதில் கூழை நிரப்பி, குழாயை நேராக மேலே தூக்குவது. கூழ் ரொட்டியைப் போல வட்டமாகப் பரவ வேண்டும். குவியலாக நின்றால் தண்ணீர் போதாது. முதல் நாள் எல்லாம் ரொட்டி போலவே பரவின. கூழ் ஓட்டைக்குள் வழுக்கிக்கொண்டு போய்ச் சத்தமில்லாமல் மறைந்தது.

இரண்டாம் நாள் தூசி குறைந்துபோனதால் நான் லொறியோடு யார்டுக்குப் போனேன். விமல் மாத்தயாவும் வேறொரு வேலைக்குப் போயிருந்தார். பிற்பகல் நான் திரும்பி வந்தபோது, ஓட்டையைச் சுற்றி ஆண்கள் நீண்ட கம்புகளால் எதையோ குத்தித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அக்கா மிக்ஸர் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்றாள். முகத்தில் பெருமை.

"பாரு மகேசு. இப்பதான் கொங்கிரீட் மாதிரி இருக்கு."

எட்டிப் பார்த்தேன். களிபோலக் கெட்டியான ஒரு கலவை ஓட்டையின் வாயிலேயே குவிந்து நின்றது.

"தண்ணி எங்க?"

"ஒவ்வொரு கலவைக்கும் பாதி வாளியக் கீழ ஊத்திட்டோம். அவ்வளவு தண்ணி ஊத்தினா அது களவு. எங்களுக்குத் தெரியாதா?"

வெளியூர் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டும். கொழுந்து நிறுக்கும்போது, மழை நாளில் இலையில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லி நிறையில் கழிப்பார்கள். எவ்வளவு என்பது நிறுப்பவர் வாயிலிருந்து வருவது. சப்ரகமுவ மலைகளில் மழையில்லாத நாள் குறைவு. வாழ்நாள் முழுவதும் தண்ணீரின் பெயரால் கழிவு கொடுத்த பெண்களிடம், ஒரு பொருளில் தண்ணீர் அதிகம் இருப்பதுதான் நல்லது என்று ஒரு வார்த்தையில் சொல்லி நம்பவைக்க முடியாது. தண்ணீர் என்றால் ஏமாற்று. வேறு தோட்டத்துப் பெண்கள் அந்த இடத்தில் நின்றிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

கான் ஓரக் குழாய்க்குள் நூலில் கட்டிய தூக்குக்குண்டை இறக்கினேன். ஊற்றத் தொடங்குவதற்கு முன் எவ்வளவு ஆழம் போனதோ, அதே ஆழம் போய் வெறுமையில் ஆடியது. கருப்பையா அண்ணன் தம் காம்பிராவுக்குப் போய்த் தரையில் காலால் தட்டிவிட்டு வந்தார்.

"நேத்து ஊத்தின கூழு வளைவு வரைக்குந்தான் போயிருக்கு, இன்னைக்குப் போட்ட களி அதுக்கு மேல என் காம்பிராவுக்கு அடியில அடைச்சுக்கிச்சு" என்றார். "அங்கிட்டு பார்வதி காம்பிராவுக்குக் கீழ வெறும் பொந்துதான்."

அக்கா கோழிக்கூட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "நீ சொன்னது எங்க காதுக்கு வந்திச்சு. மனசுக்கு வரல. வாயால சொல்லாத, கண்ணுல காட்டு" என்றாள்.

மழைத்தண்ணீர் வடியும் பழைய கூரைப் பீலி ஒன்று கிடந்தது. அதை வளைவாகப் பொருத்திச் சாய்த்து வைத்து, பெண்கள் கலக்கிய கலவையை முதலில் ஊற்றினேன். வளைவில் நின்றது. பின்னால் ஊற்றியது அதன் மேல் ஏறி வழிந்தது. பிறகு தண்ணீர் சரியாக உள்ள கலவை. அது வளைவைச் சுற்றிக்கொண்டு போய் மறுமுனையில் விழுந்தது. கூட்டத்தில் ஒருத்தி, "அப்ப இதுக்கு மட்டும் தண்ணிக்குக் கழிக்கக்கூடாதா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

5. சிவப்புத் தரை

வளைவுக்கு அப்பால் கூழைக் கொண்டுபோக ஒரே வழிதான் இருந்தது. கான் ஓரக் குழாய் காற்று வெளியேற வேண்டிய வழி, அதில் ஊற்ற முடியாது; மேலேயிருந்து புதிதாக ஒரு வாய் திறக்க வேண்டும். அது அக்காவின் காம்பிராவுக்குள் வந்தது.

அந்த லயத்தில் சிவப்புச் சீமெந்துத் தரை இருந்த ஒரே காம்பிரா அக்காவுடையது. மற்றதெல்லாம் சாணி மெழுகிய மண் தரை. அவளும் அத்தானும் சீட்டுப் பிடித்து, கொத்தனாரான மேசன் பாஸ் ஒருவரைக் கூப்பிட்டு, 1998 இல் போட்டது. தேங்காய்ப் பொச்சு மட்டையால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற மாதிரி வைத்திருந்தாள். செருப்போடு யாரும் உள்ளே வர முடியாது. என்னையும் வாசலில் நிறுத்தியிருக்கிறாள்.

மறுநாள் விமல் மாத்தயா வந்து சூழ்நிலையைப் பார்த்தார். தரையைத் திறக்காமல் தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்றார். இதற்குள் யாரோ சொல்லி, தொரையும் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"வேல பிழையாப் போச்சுன்னு கேள்விப்பட்டேன்" என்றார்.

"பாதி முடிஞ்சிருக்கு" என்றேன். "மிச்சத்துக்கு உள்ள ஒரு வாய் தொறக்கணும்."

"லயத்து உள்ளுக்கு ஒடைக்க நான் பெர்மிஷன் குடுக்கல்ல. கம்பெனிப் பில்டிங். ஒரு கல்ல எடுத்தாலும் எழுதிக் கேக்கணும். கொழும்புக்கு அனுப்பி அங்கயிருந்து வரணும்."

"வர எவ்வளவு நாளாகும் தொரை?" என்று அக்கா கேட்டாள். குரல் மிகவும் பணிவாக இருந்தது. அந்தப் பணிவை எனக்குத் தெரியும்.

"அது எனக்குச் சொல்ல ஏலாது."

"ஒக்டோபர் வந்திருமா?"

அக்கா உள்ளே போனாள். பாயைச் சுருட்டி, அரிசி டின்னையும் சாமி படங்களையும் அத்தானிடம் கொடுத்து வெளியே வைக்கச் சொன்னாள். பிறகு கருப்பையா அண்ணனின் கையிலிருந்த கடப்பாரையை வாங்கினாள்.

"பார்வதி, ஒடைக்க வேணாம்னு சொன்னேன்" என்றார் தொரை.

"காம்பிரா கம்பெனிது தொரை. கூரை கம்பெனிது. செவுரு கம்பெனிது. தரை என்னுது. நான் போட்டது. என் தரைய நான் ஒடைக்கிறதுக்கு எந்தக் கொழும்புக்கு எழுதணும்?"

முதல் அடியை அவளே போட்டாள். சிவப்புத் தோல் விரிசல் விட்டது. இரண்டாவது அடிக்கு முன்னால் ஒரு கணம் கடப்பாரையைத் தூக்கியபடி நின்றாள். அந்தத் தரையின் மேல் அவளுக்கு இருந்த ஆசையை நான் அப்போது பார்த்தேன். பிறகு அடித்தாள். சில அடிகளுக்குப் பிறகு அத்தானும் கருப்பையா அண்ணனும் சேர்ந்துகொண்டார்கள். சீமெந்துக்குக் கீழே கொஞ்சம் மண். அந்த மண்ணுக்குக் கீழே ஒன்றுமில்லை. கடப்பாரை கை நழுவி உள்ளே போய், ஆழத்தில் ஊறி நின்ற தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. அவ்வளவு மெல்லிய மண்ணின் மேல்தான் அவர்கள் அதுவரை தூங்கியிருக்கிறார்கள்.

தொரையும் அந்தச் சத்தத்தைக் கேட்டார். அதன் பிறகு அவர் தடுக்கவில்லை. போகவுமில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மிக்ஸரைக் கடைசிக் காம்பிரா வாசலுக்கு இழுத்து வந்து, தகரப் பீலியை உள்ளே நீட்டி ஊற்றினோம். வாளிகள் பெண்களின் கையிலேயே இருந்தன. அக்கா தண்ணீர்ப் பீப்பாய் பக்கத்தில் நின்றாள். ஒவ்வொரு கலவைக்கும் பிவிசி துண்டை அவளே தூக்கிப் பார்த்தாள். ஒன்று கொஞ்சம் குவிந்து நின்றதும், "இது ஓடாது. தண்ணி ஊத்து" என்றாள். வாழ்க்கையில் முதல் முறையாக அந்தச் சொற்களைச் சொல்கிறாள் என்று யாரோ கேலி செய்தார்கள். "வாய மூடிக்கிட்டு வாளியத் தூக்கு" என்றாள்.

ஊற்ற ஊற்ற உள்ளே தண்ணீர் சலசலத்தது, பிறகு அந்தச் சத்தமும் நின்றது. கான் ஓரக் குழாயில் முதலில் காற்று வந்தது. பிறகு கலங்கல் தண்ணீர். பிறகு சாம்பல் நிறக் கூழ் மெதுவாக எழும்பி, குழாயின் வாய்வரை வந்து, விளிம்பைத் தாண்டிக் கானுக்குள் வழிந்தது. கருப்பையா அண்ணன் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார்.

கோழிக்கூட்டுப் பக்கம் மிச்சமிருந்ததையும் அடுத்தடுத்த நாள்களில் நிரப்பினோம். வளைவில் அடைத்த கெட்டிக் கலவையின் மேல் சிறு துளைகள் போட்டு, நீர்த்த கூழை இறக்கினோம். நான் எடுத்து வைத்த மாதிரிகள் லெப்பில் எதிர்பார்த்த அளவுக்கு இறுகின. விமல் மாத்தயா ஓகஸ்ட் முடிவதற்குள் கையெழுத்துப் போட்டார். ஒக்டோபர் மழை வந்தது. லயத்தில் ஒரு சுவரும் வெடிக்கவில்லை. யாரும் எந்த டிவிஷனுக்கும் போகவில்லை.

அக்காவின் தரையில் அந்த ஓட்டையைச் சாதாரணச் சீமெந்தால் மூடினோம். சிவப்பு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. அதற்குச் சிவப்புப் பூசித் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள்.

6. ஜீப்பில் வந்த முதலாளி

2006 தொடக்கத்தில் பழைய தொரை மாற்றலாகிப் புதியவர் வந்திருந்தார். நான் விடுமுறையில் லயத்துக்குப் போயிருந்தபோது, ஓடைப் பக்கம் தண்ணீர் இறைக்கும் மோட்டார் சத்தம் கேட்டது. மூங்கில் புதருக்குள் பழைய குழியை யாரோ மறுபடி திறந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஜீப்பில் வந்த மாணிக்கக் குழி முதலாளி ஒருவர், சேறு படிந்த இரண்டு ஆட்களோடு லயத்துக்கு ஏறி வந்தார். நல்ல தமிழ் பேசினார்.

"இங்க ஒரு லெப் மிஸ் இருக்காங்களாம். நீங்களா?"

"நான்தான்."

"சுரங்கத்துக்குள்ள சாம்பல் கலர்ல ஏதோ அடைச்சு வச்சிருக்கு. எவ்வளவு தூரத்துக்கு இருக்கு மிஸ்?"

"கடைசி வரைக்கும்."

"அத வெட்ட ஏலுமா?"

அக்கா எனக்குப் பின்னால் நின்றாள். முடியாது என்று சொல், கல்லைவிடக் கெட்டி என்று சொல் என்பது போல என் முதுகில் விரலால் குத்தினாள். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஆட்கள் கீழே போய் ஒரு கொத்துப் போட்டால் பொய் அதோடு முடிந்துவிடும். அதைவிட, நான் செய்த வேலையைப் பற்றிப் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

"ஏலும்" என்றேன். "மண்வெட்டி போதும். வெட்டக்கூடியதாத்தான் செஞ்சோம்."

முதலாளி சிரித்தார். தம் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் ஒவ்வொரு காம்பிரா வாசலிலும் ஆட்கள் வந்து நின்றிருந்தார்கள்.

அக்கா என்னை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள். "வெட்டுங்க முதலாளி" என்றாள். "அது எங்கிட்டுப் போகுது, எங்க வளையுதுன்னு இந்த லயத்துல சின்னப் புள்ளைக்கும் தெரியும். ஊத்தினது நாங்க. கீழ கொத்துற சத்தம் கேட்டா மேல தொறந்து திரும்பவும் ஊத்துவோம். எப்பிடிக் கலக்கிறதுன்னும் தெரியும், சாம்பலும் ஓடையில நெறையக் கெடக்கு. உள்ள இருக்கிறவங்கள மட்டும் ஒரு சத்தம் குடுக்கச் சொல்லுங்க."

முதலாளி மறுபடி சிரித்தார். அவருடைய ஆட்கள் சிரிக்கவில்லை. அவர்களில் மூத்தவர் அக்காவின் முகத்தையும், வாசல்களில் நின்றவர்களையும், கான் ஓரத்தில் இன்னும் நீட்டிக்கொண்டிருந்த குழாயையும் பார்த்தார். பிறகு முதலாளியிடம் சிங்களத்தில், தான் அந்தச் சுரங்கத்துக்குள் இறங்க மாட்டேன், வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அன்று மாலைக்குள் மோட்டார் சத்தம் நின்றுவிட்டது.

நான் 2009 இல் வேலையை விட்டேன். அதுவரை அந்தக் கூழைப் பாலங்களுக்கும் கான்களுக்கும் பல இடங்களில் ஊற்றியிருக்கிறோம். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் கலவை அளவைத்தான் கேட்கிறார்கள். அதை நான் சொல்வதில்லை. ஒரு யார்டுத் தூசி மற்றதைப் போல இராது. ஓர் அடுப்புச் சாம்பல் மற்றதைப் போல இராது. உங்கள் தூசியை நீங்களே சோதித்துப் பாருங்கள்.

சொல்லக்கூடியது வேறொன்று. யாருடைய வீட்டுக்கு அடியில் ஊற்றுகிறீர்களோ, வாளியை அவர்கள் கையில் கொடுங்கள். பிழையாக ஊற்றுவார்கள் என்று தெரிந்தாலும் கொடுங்கள். பிழையைத் திருத்த வழி உண்டு. அந்தச் சுரங்கத்தை ஒரு கொந்தராத்துக்காரர் வந்து ஒரே நாளில் ஒழுங்காக நிரப்பிவிட்டுப் போயிருந்தால், ஜீப் வந்த அன்று பார்வதிக்குச் சொல்ல ஒரு வார்த்தை இருந்திராது.